நீச்சலுடை சீக்கிரமே தொளதொளத்துப் போகிறது, எந்தத் துணி வாங்கலாம்?

வாணி:
பையனுக்கு வாரம் ஆறு நாள் நீச்சல் பயிற்சி. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத ஜாமர் (முழங்கால் வரை இறுக்கமாக இருக்கும் நீச்சல் கால்சட்டை), இடுப்பில் நிற்கவே மாட்டேன் என்கிறது. பின்பக்கம் துணி நைந்து உள்ளே தெரிகிறது. லேபிளில் 80% நைலான், 20% ஸ்பான்டெக்ஸ் (ரப்பர் மாதிரி இழுபடும் இழை). கையால்தான் துவைக்கிறோம். விலை கூடினதாக வாங்கினால் உழைக்குமா?

கதிர்:
விலையை விடுங்க, லேபிளைப் பாருங்க. குளத்துக் குளோரின் முதலில் கைவைப்பது ஸ்பான்டெக்ஸில்தான். துணியை வெளிச்சத்துக்கு நேராக இழுத்துப் பிடியுங்க. வெள்ளையாக, முடி மாதிரி இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது அறுந்த ஸ்பான்டெக்ஸ். துவைத்துச் சரிசெய்ய முடியாது.

தினப் பயிற்சிக்கு பாலியெஸ்டர்–பிபிடி கலவை வாங்குங்க. பிபிடியும் பாலியெஸ்டர் வகைதான் என்பதால் சில லேபிள்களில் '100% பாலியெஸ்டர்' என்றே இருக்கும். இழையே சுருளாக இருப்பதால் ஸ்பான்டெக்ஸ் இல்லாமலும் இழுபடும். நைலான் அளவுக்கு இழுபடாது, தொட்டால் கொஞ்சம் முரடு. அதனால் போட்டுப் பார்த்தே அளவு எடுங்க. நைலானைப் போட்டி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

செல்வி:
கையால் துவைப்பது சரிதான், எப்போது அலசுகிறீர்கள் என்பதுதான் விஷயம். ஈரத்தோடு பாலிதீன் பையில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தால் வழியெல்லாம் குளோரின் தன் வேலையைப் பார்க்கும். கரையேறியதும் அங்கேயே குழாயில் அலசிவிடுங்கள். குளத்தில் இறங்கும் முன் ஷவரில் நனைத்துக்கொண்டால் குளத்து நீர் குறைவாக ஊறும். வீட்டில் பச்சைத் தண்ணீரும் துளி ஷாம்பும் போதும். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்கி, நிழலில் காயப்போடுங்கள். வெந்நீர், பிளீச், ஃபேப்ரிக் கண்டிஷனர் மூன்றும் கூடாது. வினிகரில் ஊறவைத்தால் குளோரின் போய்விடும் என்கிறார்களே?

மணி:
போகாது. வினிகர் குளோரினை முறிக்காது, வாசனைதான் மாறும். முறிப்பது சோடியம் தயோசல்பேட். மீன் தொட்டிக் கடையில் 'ஆன்டி குளோரின்' என்று கேட்டால் தருவார்கள். அரை பக்கெட் தண்ணீரில் ஒரு சிட்டிகை, ஐந்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் அலசல். உடனே அலசுகிறவர்களுக்கு இதுவும் தேவைப்படாது.

இன்னொன்று, குளத்தின் குளோரின் அளவைப் பயிற்சியாளரிடம் கேளுங்க. 1 முதல் 3 பிபிஎம் (லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்) வழக்கம். இரவில் கூடுதலாகப் போட்டுவிட்டு, அளவு இறங்கும் முன்னே காலையில் முதல் பேட்சை இறக்கினால் எந்தத் துணியும் பாவம். பின்பக்கம் மட்டும் முந்தி நைவதற்கு சிமெண்ட் விளிம்பில் உட்கார்ந்து தேய்ப்பதும் காரணம். ஒரு துண்டை விரித்து உட்காரச் சொல்லுங்க.

வாணி:
நன்றி. பழைய ஜாமரை இறுக்க வழி உண்டா?

கதிர்:
நாடாவை இறுக்கலாம், துணியை முடியாது. புது ஜாமருக்கு மேலே மாட்டிக்கொள்ளட்டும், தண்ணீர் பின்னால் இழுப்பது கூடி நீந்தக் கடினமாகும். பயிற்சியில் அதற்கும் வேலை உண்டு.