கெலவரப்பள்ளி நுரையும் கடலூர்க் கடலடிப் புழுவும்

காவேரிப்பட்டணத்தான் கேட்டது:

வணக்கம்ங்க. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில் ஷட்டரைத் தூக்கினாலே தென்பெண்ணை நுரை பொங்கி ஓடுது. அதே ஆறுதான் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை, இருமத்தூர், சாத்தனூர் என்று இறங்கி, கடலூருக்கு வடக்கே தாழங்குடா பக்கம் கடலில் சேருகிறது. பிளஸ் டூ பசங்களுக்கு ஒரு ஆய்வுத் திட்டம் யோசிக்கிறோம். ஓசூர்ப் பக்கத்துக் கழிவு முகத்துவாரத்தின் கடலடி உயிர்களைப் பாதிக்கிறதா என்று மாதிரி எடுத்துச் சொல்ல முடியுமா? தண்ணீரை பாட்டிலில் பிடித்து லேபுக்குக் கொடுத்தால் போதுமா, மண்ணையும் எடுக்கணுமா? என்ன கருவி, எத்தனை மாதிரி?

சேத்துமண்:

தண்ணீர் பாட்டில் பெரிதாக உதவாதுங்க. தண்ணீர் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அடிச் சேறும் அதில் வாழ்கிற புழுவும் மட்டியும் இடம் மாறாமல் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். மேலே ஓடிப்போனதன் கணக்கு அங்கேதான் இருக்கும்.

ஆனால் "ஓசூர் நுரை கடலூர்க் கடலடியை அழிக்கிறது" என்ற தலைப்பை முதலிலேயே கைவிட்டுவிடுங்கள். நுரை என்பது சோப்புப் பொருள் கலந்த தண்ணீர் ஷட்டரில் விழுந்து காற்றோடு அடிபடுவதால் வருவது. நானூறு கிலோமீட்டர் சொச்சம் ஓடும் ஆற்றில் அது அப்படியே கடல் வரை போகாது. வழியில் கே.ஆர்.பி., சாத்தனூர் என்று பெரிய தேக்கங்கள் இருக்கின்றன. தண்ணீர் அங்கே நிற்கிறது, வண்டல் படிகிறது. ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் பெரும்பாலும் நுண்களிமண்ணில் ஒட்டியிருப்பதால் அதோடு சேர்ந்து அங்கேயே தங்கிவிடும். கரைந்த நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புகளில் ஒரு பங்குதான் சுலபமாகத் தாண்டும். வெள்ளம் வந்தால் கதை வேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதும், சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்ததும் உங்களுக்கே தெரியும். அந்த மாதிரி நாளில் ஆற்றடி வண்டல் கலங்கிக் கடலுக்குப் போகும்.

முகத்துவாரத்தில் நடப்பது இன்னொன்று. ஆற்றில் மிதந்து வரும் நுண்களிமண் உப்புத்தண்ணீரைத் தொட்டதும், பால் திரிகிற மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி அடியில் விழும். அதனால் ஆறு கொண்டுவரும் அழுக்கில் பெரும்பங்கு ஆழ்கடலுக்குப் போகாமல் கரையோரத்திலேயே படியும்.

அது கரிமக் கழிவாக இருந்தால், அழுகும்போது பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றுவிடும். அடித்தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஓடக்கூடிய மீனும் நண்டும் ஓடிவிடும், ஓட முடியாதது சாகும். அணைச் சேற்றில் இதே நிலை வந்தால் மீத்தேன் குமிழி அதிகம் வரும். கடல் நீரிலோ லிட்டருக்கு 2.7 கிராம் அளவுக்கு சல்ஃபேட் இருக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியா அதைப் பிடித்துக்கொள்ளும். வெளியே வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டை நாற்றம் அதுதான், அது நேரடி விஷமும்கூட. இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்கும். ஒரு கண்ணாடிக் குழாயைச் சேற்றில் செருகி எடுத்தால் மேலே பழுப்பு, கீழே கறுப்பு என்று கோடு போட்ட மாதிரி தெரியும். நல்ல இடத்தில் புழுக்கள் வளை தோண்டித் தண்ணீரை உள்ளே இழுப்பதால் பழுப்பு அடுக்கு சில சென்டிமீட்டர் இருக்கும். புழு செத்த இடத்தில் அது சில மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். காசில்லாமல் செய்யக்கூடிய முதல் சோதனை இதுதான்.

வலைக்கண்ணி:

மேலே சொன்னதோடு ஒன்று. தாழங்குடாவுக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் உப்பனாறு முகத்துவாரம். அந்த ஆற்றங்கரையில்தான் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை. நம் கரையில் மணலும் கரையோர நீரோட்டமும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். வருஷக் கணக்கில் பார்த்தால் வடக்கு நோக்கியதுதான் அதிகம். ஆகவே தென்பெண்ணை முகத்துவாரச் சேற்றில் எதைக் கண்டாலும் அது ஓசூரிலிருந்து வந்ததா, பக்கத்து உப்பனாற்றிலிருந்து வந்ததா, கடலூர் நகரச் சாக்கடையா என்று உங்களால் பிரிக்க முடியாது.

மாதிரி எடுப்பதைப் பற்றி. வான் வீன் கிராப் என்று இரண்டு தாடை உள்ள இரும்பு வாளி உண்டு. 0.1 சதுர மீட்டர் அளவுள்ளதற்கு வின்ச் வேண்டும். ஃபைபர் போட்டில் கையால் இழுக்க 0.04 சதுர மீட்டர் சரி. ஒரு இடத்தில் ஒரு அள்ளு போதாது, குறைந்தது மூன்று. தாடையில் கல்லோ சிப்பியோ சிக்கி, வரும் வழியில் சேறு கழுவிப்போயிருந்தால் அந்த அள்ளைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி எடுக்கணும். பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பாதி கழுவிப்போன வாளியை எண்ணிவிட்டு "உயிரே இல்லை" என்று எழுதிவிடுவார்கள்.

சலிப்பதற்கு முன்னால் ஒரு கைப்பிடிச் சேற்றைத் தனியாக எடுத்து வையுங்கள், மண்துகள் அளவுக்கும் கரிமத்துக்கும். மீதியை 0.5 மி.மீ. சல்லடையில் கடல்தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசணும். ஹோஸ் பைப்பைப் பிடித்து அடித்தால் புழு துண்டுதுண்டாகும். எண்ணும்போது தலையை மட்டும் எண்ணுங்கள். வாலை எண்ணினால் ஒரு புழு மூன்றாகிவிடும். காலி ஓட்டை உயிருள்ள மட்டியாக எண்ணுவதும் சகஜமான தப்பு. 0.04 சதுர மீட்டர் கிராப் என்றால் எண்ணிக்கையை 25 ஆல் பெருக்கினால் சதுர மீட்டர் கணக்கு.

பதப்படுத்த: கடையில் வாங்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, கடல்நீர் ஒன்பது பங்கு, கூடவே வெண்காரம். வெண்காரம் போடாவிட்டால் அமிலம் ஏறி மட்டி ஓடு கரையும். ரோஸ் பெங்கால் சாயம் லிட்டருக்கு ஒரு சிட்டிகை போட்டால் புழு இளஞ்சிவப்பாகி மணலிலிருந்து பிரிந்து தெரியும்.

பாலிகீட்டா:

வலைக்கண்ணி சார் சொன்ன ஃபார்மலின் ஆராய்ச்சி லேபுக்குச் சரி, பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம். புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, மூடிய வகுப்பறையில் கண்ணைத் திறக்க முடியாது. சலித்தவுடன் 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். மாதிரியைவிட இரண்டு மூன்று மடங்கு ஆல்கஹால் இருக்கணும், மறுநாள் ஒரு தடவை மாற்றணும். சேற்றிலுள்ள தண்ணீர் அதை நீர்த்துவிடும், மாற்றாவிட்டால் புழு கூழாகும்.

எண்ணியதை எப்படிப் படிப்பது என்பதில்தான் அதிகக் குழப்பம். புழு நிறைய இருந்தால் கடல் நலம் என்று நினைக்காதீர்கள். 1978இல் பியர்சன், ரோசன்பெர்க் இருவரும் காட்டியது இது. கழிவுக் குழாயை நெருங்க நெருங்க இனங்கள் குறையும், ஆனால் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் எகிறும். கேபிடெல்லா என்ற நூல் மாதிரியான சின்னச் சிவப்புப் புழு ஒன்றே சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் கிடக்கும். இன்னும் நெருங்கினால் அதுவும் இல்லாத வெறும் கறுப்புச் சேறு. முதலில் காணாமல் போவது ஆம்பிபாட் (பக்கவாட்டில் அமுக்கின குட்டி இறால் மாதிரி இருக்கும்), பிரிட்டில் ஸ்டார் (நட்சத்திரமீன் மாதிரி, கை மெலிந்தது), ஆழமாக வளை தோண்டும் பெரிய புழுக்கள். எண்ணிக்கையோடு எடையும் போடுங்கள். எண்ணிக்கை ஏறி எடை இறங்கினால் பெரியவை போய் சில்லறை வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆம்பி (AMBI) என்ற குறியீட்டெண் இதையே கணக்காக்குகிறது. இனங்களை, கழிவைத் தாங்காதவை முதல் கழிவில் செழிப்பவை வரை, ஐந்து குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சதவீதத்தை 0, 1.5, 3, 4.5, 6 ஆல் பெருக்கிக் கூட்டி 100 ஆல் வகுக்கணும். உதாரணமாக 10, 20, 30, 25, 15 சதவீதம் என்றால் 3.225 வரும். 1.2 வரை பாதிப்பில்லை, 3.3 வரை லேசான பாதிப்பு, 5 வரை நடுத்தரம். இந்த உதாரணம் 3.3 என்ற எல்லைக்கோட்டை ஒட்டியே நிற்கிறது. நாலு புழுவைத் தப்பான குழுவில் போட்டால் முடிவு மாறும். முகத்துவாரத்தில் இதை நம்பி மட்டும் எழுதக்கூடாது. அங்கே உப்பு ஏறி இறங்குவதாலேயே, கழிவே இல்லாவிட்டாலும் தாங்கும் இனங்கள்தான் அதிகம் இருக்கும். அதே காரணத்துக்காக டிசம்பர் மாதிரியை ஏப்ரல் மாதிரியோடு ஒப்பிடாதீர்கள். வெள்ளம் புது மண்ணைக் கொட்டிப் புதைத்ததும் கழிவு கொன்றதும் எண்ணிக்கையில் ஒரே மாதிரிதான் தெரியும். மணலைச் சேற்றோடு ஒப்பிடுவதும் அப்படித்தான்.

காவேரிப்பட்டணத்தான்:

ரொம்ப நன்றிங்க. கரிமம் பார்க்க நம்ம பக்கத்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாமா? வயல் மண்ணுக்குப் பார்க்கிறார்களே.

சேத்துமண்:

முறை அதேதான், டைக்ரோமேட் என்ற ரசாயனம் கரிமத்தோடு சேர்ந்து எவ்வளவு செலவாகிறது என்று டைட்ரேஷனில் அளப்பது. ஆனால் கடல் சேற்றில் உள்ள குளோரைடும் டைக்ரோமேட்டைத் தின்னும், கரிமம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். கந்தக அமிலத்தில் சில்வர் சல்ஃபேட் கலந்து செய்யச் சொல்லணும், வயல் மண்ணுக்கு வழக்கமாக அதைச் செய்ய மாட்டார்கள். முடியாவிட்டால் காயவைத்த சேற்றை நல்ல தண்ணீரில் அலசி உப்பை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம், கொஞ்சம் நுண்துகளும் கரைந்த கரிமமும் போகும்.

என்னைக் கேட்டால் கடலூர் வரை போகவே வேண்டாம். கெலவரப்பள்ளியில் மூன்று இடம், கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் நுழையும் வாயில் மூன்று, மதகுக்குப் பக்கம் மூன்று என்று எடுங்கள். மென்சேற்றுக்கு எக்மன் கிராப் (பெட்டி மாதிரியான இலேசான கிராப்) போதும், கரையோரம் ஆழமில்லாத இடத்தில் அளந்து வெட்டின பிவிசி குழாயே போதும். 10 செ.மீ. விட்டமுள்ள குழாய் என்றால் ஒரு குத்துக்குப் பரப்பு 78.5 சதுர செ.மீ., ஐந்து குத்து சேர்த்தால் கிட்டத்தட்ட 0.04 சதுர மீட்டர். அங்கே கேபிடெல்லாவின் வேலையைச் செய்வது டியூபிஃபெக்ஸும் (மண்புழு இனத்து மெல்லிய புழு), சிவப்பு கைரோனமிட் புழுவும் (கொசு மாதிரியான பூச்சியின் இளம்புழு). இரண்டுக்கும் இரத்தத்தில் ஹீமோகுளோபின் உண்டு, ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். வால் நீண்ட மேஃபிளை (ஒரு வகைப் பூச்சி) இளம்புழு கிடைத்தால் அந்த இடம் இன்னும் தேவலாம். ஆளுக்கு ரப்பர் பூட்ஸ், கையுறை. கெலவரப்பள்ளியில் நுரை ஓடுகிற நாளில் பசங்களை இறக்காதீர்கள், நுரைக்கு அடியில் பள்ளம் எங்கே என்று தெரியாது.