பிப்ரவரியிலிருந்து தொடங்கிய நாட்காட்டி: முதியோருடன் சில அனுபவங்கள்

மதுரை, முதியோர் இல்லத் தன்னார்வலர்:

சென்ற கார்த்திகையில், நான் வாரம் இருமுறை சென்றுவரும் இல்லத்தில் பதினொரு பேருடன் உட்கார்ந்து 2026ஆம் ஆண்டுக்கான மாத நாட்காட்டியைக் கையாலேயே செய்தோம். முதல் நாள் நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். பூவும் கிளியும் அச்சிட்ட தாள்களைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னேன். வாழ்நாளெல்லாம் கணக்கு எழுதிய ஐயா ஒருவர் அந்தத் தாளை மடித்து என்னிடமே தந்துவிட்டு, "கட்டம் போட ஒரு ஸ்கேல் இருந்தால் கொடுங்கள்" என்றார். சிறுவர்களுக்குக் கொடுப்பதை அவரிடம் கொடுத்துவிட்டேனே என்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து படத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கட்டத்தையே முதல் வேலையாக வைத்துக்கொண்டோம்.

ஜனவரியை ஒதுக்கிவிட்டுப் பிப்ரவரியை முதலில் எடுத்துக்கொண்டது அவருடைய யோசனைதான். 2026 பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை பிறந்து 28ஆம் தேதி சனிக்கிழமை முடிவதால், நான்கு வரிசைகள் ஒரு கட்டம்கூட மீதமின்றி நிரம்பிவிடுகின்றன. மார்ச்சும் ஞாயிறன்றே பிறப்பதால், பழகிய கை அதே இடங்களில் அதே எண்களை எழுதிவிட்டு, 29, 30, 31 ஆகிய மூன்றை மட்டும் கீழே சேர்த்தால் போதும். சிரமம் மே, ஆகஸ்ட் மாதங்களில் வந்தது. அவற்றுக்கு ஆறு வரிசைகள் தேவைப்படுகின்றன. அச்சு நாட்காட்டிகள் சிலவற்றில் இருப்பதுபோல ஆகஸ்டின் 30, 31 இரண்டையும் முதல் வரிசையின் காலிக் கட்டங்களில் ஏற்றினோம்; அதைப் பார்த்த ஓர் அம்மா மாதம் முடிந்துவிட்டது என்றே எண்ணிக் குழம்பியதால், தாளின் அடியில் ஒரு துண்டு ஒட்டி ஆறாவது வரிசையைப் போட்டோம்.

இந்த ஆண்டின் கிழமைகள் 1970ஆம் ஆண்டின் கிழமைகளோடு அப்படியே ஒத்துப்போகின்றன என்பதையும் அந்த ஐயாவே கணக்கிட்டுச் சொன்னார். 1970 செப்டம்பர் 7, திங்கட்கிழமை மணமான அம்மா ஒருவர், தாம் எழுதிய தாளிலும் அத்தேதி திங்களில் நிற்பதைக் கண்டதும், சமையலறையிலிருந்து மஞ்சளை வாங்கிவரச் சொல்லி, நீரில் குழைத்து அந்தக் கட்டத்தில் விரலால் தடவினார். ரம்ஜான் பெருநாளைப் பிறை கண்ட பிறகே குறிக்க வேண்டும் என்ற இன்னொரு அம்மா, பச்சைத் தாளில் வெட்டிய பிறை ஒன்றை மார்ச் மாதத் தாளின் பின்புறம் செருகி வைத்துக்கொண்டார்.

நாகர்கோவில், பிசியோதெரபிஸ்ட்:

எங்களிடம் வருபவர்களில் பலருக்குக் கை நடுக்கம் உண்டு. அவர்கள் எண்களை எழுத வேண்டியதில்லை. பழைய தினசரி காலண்டர் தாள்களில் பெரிதாக அச்சாகியிருக்கும் தேதிகளைக் கையாலேயே கிழித்தெடுத்து மைதாப் பசையால் ஒட்டுகிறார்கள். கத்தரிக்கோலைவிட இதுவே மூட்டுவலி உள்ள விரல்களுக்கு இதமாக இருக்கிறது. பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவர்களை, அந்தக் கையையே தாள் நகராமல் அழுத்திப் பிடிக்கச் சொல்வேன். பயன்படாதது என்று மடியில் கிடந்த கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. கட்டத்தின் அகலம் 4 செ.மீ.க்குக் குறையக் கூடாது, வெள்ளைத் தாளில் கறுப்பு மை தவிர வேறெதுவும் கண்புரை உள்ளவர்களுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை என்பவை நான் பட்டறிந்தவை.

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரிகளை வெளியிட்டுவிடுகிறார்கள். கைவேலைக்கும் அவ்வளவு முன்னதாகத் தொடங்குவதே நல்லது, ஏனெனில் ஓர் அமர்வில் ஒரு மாதத்துக்கு மேல் செய்தால் தோள் வலிக்கும்.

தஞ்சாவூர், வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்பவர்:

என் அம்மாவுக்கு மறதி நோய். காலையில் உண்டதை மதியம் கேட்டால் சொல்லத் தெரியாது. நாட்காட்டி செய்யும்போது அப்பாவின் திதியைக் குறிக்கலாமா என்று நான் தயங்கிக்கொண்டிருக்க, முதலில் அதைத்தான் அவர் கேட்டார். பிறந்தநாள்கள் எல்லாம் பிறகுதான் வந்தன. திதி ஆண்டுதோறும் வேறு தேதியில் வருவதால் பஞ்சாங்கத்தைப் பார்த்து, அவர் காட்டிய இடத்தில் ஒரு சிறிய விளக்கு வரைந்தோம்.

ஏப்ரல் தாளில் 14ஆம் தேதிக்கு வந்தபோது, "புது வருஷத்துக்குப் பெயர் எழுதவில்லையே" என்றார். என்ன பெயர் என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பிரபவ, விபவ, சுக்ல என்று தொடங்கி, ஒன்றையும் விடாமல் குரோதி, விசுவாவசு வரை சொல்லிக்கொண்டே வந்து, நாற்பதாவதான பராபவவில் நின்றார். பிறகு பேனாவுக்காகக் கையை நீட்டினார்.