அப்பா நைட் ஷிப்ட் போகும் வீட்டில் என்ன பழக்கம் வைக்கலாம்?

வணக்கம் அக்காமார்களே, அண்ணன்மார்களே. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு நாலு. வீட்டுக்காரருக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் மாறி மாறி ஷிப்ட். நாலு பேரும் சேர்ந்து சாப்பிடுவதே அபூர்வம்.

பொங்கல், தைப்பூசம், தீபாவளிக்கெல்லாம் குறை இல்லை. நான் தேடுவது சாதாரண நாளுக்கு. இப்போதைக்கு ஒன்றுதான் நிலைத்திருக்கிறது: வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் பழைய மைலோ டின்னில் ஆளுக்கு இருபது காசு. சின்னவள் போட்டு, டின்னில் காதை வைத்து, 'டங்' கேட்ட பிறகுதான் அண்ணன் போடலாம். அது அவள் சட்டம். தோட்டத் தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டங்களை வாங்குவதற்காக 1960ல் அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு, பால்மரம் சீவிய எங்கள் தாத்தா பங்குப் பணம் கட்டிய கதையை அப்போது சொல்வேன். (பாதியிலேயே ஓடிவிடுவார்கள், அது வேறு.)

படுக்கும் முன் கதை என்றும் ஆரம்பித்தேன். மூன்றாம் நாளே நான்தான் முதலில் தூங்கினேன்.

அப்பா இரவு வேலைக்குக் கிளம்பும் முன், பத்து நிமிடத்தில், செலவில்லாமல், கைப்பேசி இல்லாமல் செய்கிற மாதிரி உங்கள் வீட்டில் ஏதாவது உண்டா? இல்லை, காலையில் அவர் வந்ததும் சேர்ந்து பசியாறுவதையே பழக்கமாக்கலாமா? பள்ளி நாளில் பெரியவன் அதற்குள் கிளம்பிவிடுகிறான். ஷிப்ட் வேலைக் குடும்பத்துக்காரர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.