அவசரம்: என் டேஷ்போர்டும் அக்கவுண்ட்ஸ் ஷீட்டும் ஒத்துப்போகல

புதுவரவு: கம்பெனிக்கு முதல் டேட்டா அனலிஸ்ட் நான்தான், கேட்க ஆள் இல்ல. போன மாச விற்பனை அக்கவுண்ட்ஸ் சொல்றதைவிட 23% கூட வருது. குவெரி (டேட்டாபேஸ்கிட்ட கேட்கிற SQL கேள்வி) எரர் இல்லாம ஓடுது. நாளைக்கு மீட்டிங். எங்க தப்பு?

நெடுவரிசை: எந்த டேட்டாபேஸ்? எந்தெந்த டேபிள்? தொகை வரி சேர்த்தா, சேர்க்காமலா?

யூடிசி: டைம்சோன். சந்தேகமே வேண்டாம்.

நெடுவரிசை: டைம்சோன்னா மாசத்தோட ரெண்டு ஓரத்துல சில மணி நேர விற்பனைதான் இடம் மாறும். 23% எப்படி வரும்?

கிடங்கு: ரிட்டர்ன், கேன்சல், டெஸ்ட் ஆர்டரெல்லாம் கழிச்சீங்களா? அக்கவுண்ட்ஸ் எதை விற்பனைன்னு எண்ணுறாங்கன்னு முதல்ல கேளுங்க.

மேஸ்திரி: எரர் வரலன்னா விடை சரின்னு யார் சொன்னது? ஜாயினுக்கு (ரெண்டு டேபிளை இணைக்கிறதுக்கு) முன்னாடியும் பின்னாடியும் வரிசைகளை எண்ணியிருந்தா இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

புதுவரவு: போஸ்ட்கிரஸ். வரி இல்லாம. கேன்சல் கழிச்சாச்சு. ஆர்டர்ஸ், பேமெண்ட்ஸ் ஜாயின் பண்ணி ஆர்டர் தொகையைக் கூட்டினேன்.

நெடுவரிசை: அங்கதான் இடிக்குது. 1000-க்கு ஒரு ஆர்டர், 600, 400-ன்னு ரெண்டு தவணையா கட்டியிருந்தா பேமெண்ட்ஸ்ல ரெண்டு வரிசை. ஜாயின் ஆனதும் 1000 ரெண்டு தடவை வந்து 2000 ஆயிடும். கவுண்ட் ஸ்டாரையும் (மொத்த வரிசை எத்தனை) கவுண்ட் டிஸ்டிங்ட் ஆர்டர் ஐடியையும் (வேற வேற ஆர்டர் எத்தனை) பக்கத்துல போட்டுப் பாருங்க.

சுருக்குவழி: சம் டிஸ்டிங்ட் (ஒரே தொகை திரும்ப வந்தா ஒரு தடவை மட்டும் கூட்டுறது) போடுங்க, முடிஞ்சுது.

மேஸ்திரி: கணக்கும் சேர்ந்து முடிஞ்சுது. வேற வேற ரெண்டு ஆர்டர் தலா 1000-ன்னா ஒண்ணைத்தான் கூட்டும். பணம் கட்டினதான்னு மட்டும் பார்க்கணும்னா ஜாயினே வேண்டாம், எக்ஸிஸ்ட்ஸ் போதும். கட்டின தொகையும் வேணும்னா பேமெண்ட்ஸை முதல்ல ஆர்டர் ஐடி வாரியா குரூப் பை பண்ணிட்டு (ஒரு ஆர்டருக்கு ஒரே வரிசையா சுருக்கிட்டு) அப்புறம் ஜாயின்.

கிடங்கு: இதுக்குத்தான் வேர்ஹவுஸ் (அலசலுக்குன்னே பழைய டேட்டாவையும் சேர்த்து வைக்கிற தனி டேட்டாபேஸ்) வேணும்கிறது.

சுருக்குவழி: ஒத்த ஆளுக்கு வேர்ஹவுஸா? லைவ் டேட்டாபேஸைத் தொடாம ஒரு ரீட் ரெப்ளிகா (லைவோட சேர்ந்தே மாறுற, படிக்க மட்டுமான நகல்) இருந்தா போதாதா?

கிடங்கு: போன மாச ஆர்டரை இன்னிக்கு கேன்சல் பண்ணா ரெப்ளிகாவும் மாறிடும். போன மாசம் காட்டின நம்பரை எங்க தேடுவீங்க?

சுருக்குவழி: மாசக் கடைசியில அந்த டேபிளை ஒரு காப்பி எடுத்து வெச்சா தீர்ந்தது.

கிடங்கு: அதுவே பாதி வேர்ஹவுஸ்தான்.

மேஸ்திரி: தனி இழை திறந்து சண்டை போடுங்க.

புதுவரவு: எக்ஸிஸ்ட்ஸ் வேலை செஞ்சுது, நன்றி! இப்ப 3% குறையுது??

நெடுவரிசை: தேதிக்கு பிட்வீன் 1, 31 போட்டீங்களா? தேதி இருக்கிற காலம் (column) நேரமும் சேர்ந்த டைம்ஸ்டாம்ப்னா 31-ங்கிறது அன்னிக்கு 00:00 மணிதான். அதுக்கப்புறம் அன்னிக்கு வித்தது எல்லாம் வெளியே நின்னுடும். 31 நாள்ல ஒரு நாள்னா 3.2%, கிட்டத்தட்ட உங்க குறைதான். 1-ம் தேதியிலிருந்து, அடுத்த மாசம் 1-ம் தேதிக்குக் குறைவா, அப்படின்னு எழுதுங்க.

நெடுவரிசை: புதுவரவு, அது பிட்வீன்தானா?

யூடிசி: மிச்சம் இருந்தா அது டைம்சோன்.