மார்வின் கேயின் இன்னொரு குரல்

அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தட்டில் இரண்டு பேர் பாடுகிறார்கள் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த இன்னொரு ஆள் யார் என்று தேடிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. கோரஸ்காரர் யாரோ என்று விட்டுவிட்டேன். இப்படிப் பழைய தட்டு ஒன்றை மறுபடி கேட்டு அசடு வழிந்தவர்கள் இருந்தால் உங்கள் கதையையும் சொல்லுங்கள். முதலில் என் கதை.

டெட்ராய்ட் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலைக்கு வந்த முதல் குளிர்காலம். கூட வேலை பார்த்த, ரிட்டயர் ஆகப்போகிற கறுப்பினப் பெரியவர் ஒருவர் இந்த சிடியைக் கையில் திணித்து, "இந்த ஊரில் சம்பளம் வாங்குகிறவன் இதைக் கேட்டிருக்க வேண்டும்" என்றார். மறுநாள் காரில் போட்டேன். வெளியே பனி, முன்னால் உப்பு லாரி, வண்டி இருபது மைலைத் தாண்டவில்லை. ஒரு பாட்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்றே பிடிபடவில்லை. பல்லவி, சரணம் என்று பழகிய காது. முதல் ஆறு பாட்டும் இடைவெளி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று வழிந்தபடி போகும். அது தெரியாமல், ஒரே பாட்டை எவ்வளவு நேரம்தான் இழுப்பான் என்று ரேடியோவுக்கு மாற்றிவிட்டேன். பெரியவர் கேட்டபோது "ரொம்ப நன்றாக இருந்தது" என்று சொல்லிவைத்தேன். அவர் நம்பியிருக்க மாட்டார்.

போன மாதம் பேஸ்மென்ட்டை ஒழித்தபோது அந்த சிடி கிடைத்தது. அட்டையில் மார்வின் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மழையில் நிற்கிறார், தலைமுடியிலும் தோளிலும் சொட்டுச் சொட்டாக நீர். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

ஆரம்பத்தில் ஒரு விருந்து வீட்டு வாசலில் நிற்பதுபோல ஆண்கள் சிலர் ஒருவரை ஒருவர் நலம் விசாரிக்கும் சத்தம். அதில் இரண்டு பேர் டெட்ராய்ட் லயன்ஸ் கால்பந்து அணி ஆட்டக்காரர்கள், மெல் ஃபாரும் லெம் பார்னியும். (கால்பந்து என்றால் நம்ம கால்பந்து இல்லை, அமெரிக்கக்காரர்கள் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அது.) அதன்மேல் சாக்ஸபோன் வருகிறது. அப்புறம் மார்வின் அம்மாவைக் கூப்பிடுகிறார், அண்ணன் தம்பிகளைக் கூப்பிடுகிறார். அங்கேதான் கவனித்தேன். ஒரு குரல் வரியைச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போகிறது. இன்னொன்று அரை மூச்சு தள்ளி, கொஞ்சம் மேலே, அதே சொல்லைத் தொட்டுவிட்டு நகர்கிறது. மூன்று முறை பின்னால் போய்க் கேட்டேன். இரண்டும் ஒரே தொண்டை.

தேடிப் படித்தபோது, அது திட்டமிட்டுச் செய்ததே இல்லை என்று தெரிந்தது. மார்வின் அந்தத் தலைப்புப் பாட்டை இரண்டு விதமாகப் பாடிவைத்துவிட்டு, எது தேவலை என்று ஒப்பிட்டுப் பார்க்க இரண்டையும் கேட்டிருக்கிறார். எஞ்சினியர் கென்னத் சாண்ட்ஸ் தவறுதலாக இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டுவிட்டார். மார்வினுக்கு அது பிடித்துப்போக, அப்படியே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அதுவே அவர் பாணி. சாக்ஸபோனும் இதே கதைதான். ஈலை ஃபான்டெய்ன் வாத்தியத்தைச் சூடேற்றச் சும்மா ஊதிக்கொண்டிருந்தார், "போதும், நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்று மார்வின் அனுப்பிவிட்டாராம். பாஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை மதுக்கடையில் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள் என்றும், ஸ்டூலில் உட்கார முடியாமல் தரையில் மல்லாந்து படுத்தபடியே வாசித்தார் என்றும் சொல்வார்கள். இதைப் படித்துவிட்டு அந்த பாஸை மட்டும் கேளுங்கள். ஒரு சுரம்கூடத் தடுமாறவில்லை.

'சேவ் த சில்ட்ரன்' பாட்டில் இன்னும் வெளிப்படை. ஒரு மார்வின் பேசுகிறார், இன்னொரு மார்வின் அதே வரியைப் பாடிக் காட்டுகிறார். எதிர்வீட்டுக்காரர் நம்மிடம் கவலைப்படுவதுபோலப் பேச்சு, கோயிலில் இருப்பதுபோலப் பாட்டு. பெந்தெகொஸ்தே ஊழியர் வீட்டில் வளர்ந்த பிள்ளை என்பது அந்த இரண்டாவது குரலில் தெரிகிறது.

* * *

அண்ணா, நீங்கள் டெட்ராய்ட் பக்கம்தான் இருக்கிறீர்கள் என்றால் மார்வின் தட்டுகளை வெளியிட்ட மோடவுன் கம்பெனியின் மியூசியத்துக்கு இன்னும் போகவில்லையா? ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் கூட்டிப்போகிற இடம் அது. 2648, வெஸ்ட் கிராண்ட் புலவார்டு. வாசலில் 'ஹிட்ஸ்வில் யு.எஸ்.ஏ.' என்று எழுதியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பல் டாக்டர் கிளினிக் போலச் சாதாரண வீடு. குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி 1959இல் பெர்ரி கார்டி ஆரம்பித்த கம்பெனி இது.

பின்பக்கம் இருக்கும் ஸ்டுடியோ 'ஏ' ஒரு காலத்தில் போட்டோகிராபர் வைத்திருந்த அறையாம். கேபிள்கள் தொங்கிக் கிடந்ததால் பாம்புக் குழி என்று பட்டப்பெயர். கண்ட்ரோல் அறையில் நான் பார்த்தது சினிமா நட்சத்திரங்கள் படமெல்லாம் இல்லை, தரை. எஞ்சினியர்கள் உட்கார்ந்து கால் தட்டித் தட்டி, அந்த இடத்தில் மட்டும் தரை தேய்ந்துபோயிருக்கிறது. கைடு எங்களை வரிசையில் நிறுத்தி 'மை கேர்ள்' பாட வைத்தார். கூட வந்த என் மாமனார், எழுபது வயது, ஆங்கிலப் பாட்டு ஒன்றுகூடக் கேட்டதில்லை, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார். நான் வாயசைத்தேன்.

கார் கம்பெனிக்காரரான உங்களுக்குப் பிடிக்கும் விஷயம் ஒன்று. கார்டி முன்னால் லிங்கன்-மெர்க்குரி தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவர். பாட்டையும் அதே மாதிரி உருட்டி வெளியே விட்டார். வெள்ளிக்கிழமை தோறும் குவாலிட்டி கண்ட்ரோல் மீட்டிங், எந்தப் பாட்டு வெளியே போகலாம் என்று ஓட்டெடுப்பு. நிஜமாகவே அந்தப் பெயர்தான்! அந்த லைனில் நின்றுபோன வண்டிதான் உங்கள் மார்வினின் தலைப்புப் பாட்டு. கார்டிக்குப் பிடிக்கவே இல்லை. அதை வெளியிடாமல் வேறு எதுவும் பாட மாட்டேன் என்று மார்வின் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் விற்பனைப் பிரிவு ஆட்கள் கார்டிக்குத் தெரியாமலேயே 1971 ஜனவரியில் வெளியே விட்டார்கள், சரக்கு பறந்தது. அப்புறம் அதே கார்டி, மீதிப் பாட்டையெல்லாம் சீக்கிரம் முடி என்று அவசரப்படுத்தினார். மார்ச்சில் மளமளவென்று பதிவாகி, மே 21ஆம் தேதி தட்டே வந்துவிட்டது.

இன்னொன்று. மோடவுன் தட்டுகளில் வாத்தியக்காரர்கள் பெயரை அதுவரை போட்டதே கிடையாது. இந்த உறையில்தான் முதன்முதலாகப் போட்டார்கள். நீங்கள் சொன்ன ஜேமர்சனுக்கும் அப்போதுதான் விடிந்தது.

* * *

நீங்கள் இரண்டு பேரும் கொண்டாடுகிற இடத்தில் கல்லெறிவதற்கு மன்னிக்கவும். எனக்கு முதல் பக்கம் மட்டும்தான் தட்டு. இரண்டாம் பக்கம் 'ரைட் ஆன்' ஏழரை நிமிடம், பாதியில் எழுந்துபோய் காபி போட்டுக்கொண்டு வந்தாலும் ஒன்றும் தவறவிட்டிருக்க மாட்டோம். 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' மட்டும் இல்லையென்றால் அந்தப் பக்கத்தைத் திருப்பியே இருக்க மாட்டேன்.

ஆனால் அந்த இரண்டு குரல் விஷயம் எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. தற்செயல் என்பது சரி. எத்தனையோ தற்செயலை எத்தனையோ பேர் அழித்துவிட்டு மறுபடி பாடியிருக்கிறார்கள். இவர் ஏன் வைத்துக்கொண்டார்? இவர் ஜோடிப் பாட்டுக்குப் பேர்போனவர். டாமி டெரலோடு 1967இல் பாடிய 'எய்ன்ட் நோ மவுன்டன் ஹை இனஃப்' இன்றைக்கும் கல்யாண வீடுகளில் ஓடுகிறது. அதே வருடம் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே டாமி மார்வின் கையில் சாய்ந்துவிட்டார். மூளையில் கட்டி. 1970 மார்ச்சில் இறந்தபோது அவருக்கு 24 வயது. அந்த வருடக் கோடையில்தான் மார்வின் இந்தப் பாட்டைப் பாடுகிறார். எதிர்க்குரலோடு பாடிப் பழகிய மனிதர், தன் குரலே திரும்பி வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆதாரம் எதுவும் கிடையாது, என் காது சொல்வது.

* * *

கதையை ஆரம்பித்த நான் டாமி டெரலை யோசிக்கவே இல்லை. நேற்று இரவு இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். 'வாட்ஸ் ஹாப்பனிங் பிரதர்' பாட்டில் நின்றுவிட்டேன். வியட்நாமிலிருந்து திரும்பிவந்தவன் கேட்கிற கேள்விகள்: வேலை கிடைக்குமா, நாம் ஆடப் போகிற இடம் இன்னும் இருக்கிறதா, நம்ம பேஸ்பால் அணி ஜெயிக்குமா. மார்வினின் தம்பி ஃபிராங்கி அந்தப் போரிலிருந்து திரும்பியவர். கேட்பவன் தம்பி, பாடுவது அண்ணன். பதில் சொல்ல வேண்டிய ஆளே கேள்வியைப் பாடுகிறார். எனக்கு இப்போது அதிகம் பிடித்த பாட்டு இதுதான், தலைப்புப் பாட்டுகூட இல்லை.

'ரைட் ஆன்' பற்றி ஒத்துப்போகிறேன், ஆனால் காபி போடப் போக மாட்டேன். காரில் கேட்டால் அது சரியான பாட்டு, ரோடு நீளமாக இருக்க வேண்டும்.

இன்று காலை மகளைப் பள்ளியில் விடும்போது தலைப்புப் பாட்டை ஓடவிட்டேன். பள்ளி கோரஸில் பாடுகிறவள். ரகசியத்தை உடைக்கிற தோரணையில் "இதில் எத்தனை பேர் பாடுகிறார்கள், சொல்லு பார்க்கலாம்" என்றேன்.

போனிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒரே ஆள்தானே அப்பா, ரெண்டு தடவை பாடியிருக்கார்" என்றாள்.