பாட்டியின் நினைவு ஆராதனையில் ஐந்து நிமிடம் பேச வேண்டும், என்ன சொல்வது?

மூத்தபேரன்:
பாட்டி போன மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நினைவு ஆராதனையில் பேரப்பிள்ளைகள் சார்பில் நான்தான் பேச வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். உட்கார்ந்து எழுதினேன், "அன்பான மனைவி, பாசமுள்ள தாய், ஜெபிக்கிற பாட்டி" என்று மூன்று பத்தி வந்தது, பெயரை மட்டும் மாற்றினால் யார் வீட்டுப் பாட்டிக்கும் பொருந்தும். பெரியப்பா, நல்ல மனைவியைப் புகழும் நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தை பைபிளிலிருந்து முழுசாக வாசித்துவிட்டுப் பேசு என்கிறார். பாட்டி நல்ல கண்டிப்பு வேறு. காலை ஜெபத்துக்கு உட்காராமல் யாரும் வாசலைத் தாண்ட முடியாது, கோபம் வந்தால் நாள் கணக்கில் பேச்சே இருக்காது. அதையெல்லாம் மேடையில் சொல்லலாமா? இன்னொன்று, சித்தப்பா சபைக்கு வருவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது, அன்றைக்கு அவரும் வருவார். யாராவது வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற போதகர்:
தம்பி, அடக்க ஆராதனை, நினைவு ஆராதனை என்று நிறையக் கேட்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த மூன்று பத்தியையும் அடித்துவிடுங்கள். பைபிளில் அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் தபீத்தாள் என்ற சீஷி இறந்த இடத்தைப் பாருங்கள். நற்கிரியை செய்தவள் என்று அதை எழுதிய லூக்கா ஒரு வரியில் சொல்லிவிடுகிறார், அதற்குப் பிறகு அப்போஸ்தலன் பேதுரு அவள் ஊரான யோப்பாவுக்கு வந்து மேல்வீட்டுக்குள் நுழைந்ததும் விதவைகள் எல்லாரும் அழுதுகொண்டே, அவள் உயிரோடிருக்கும்போது தைத்துக்கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டுகிறார்கள். அவளைப் பற்றிய புகழுரை அவ்வளவுதான், துணியைக் காட்டினார்கள். உங்கள் பாட்டி விட்டுப்போனது என்ன என்று தேடுங்கள். முதலில் அவருடைய பைபிளைக் கேட்டு வாங்குங்கள். இந்தத் தலைமுறைப் பெண்கள் பலரும் ஓரத்தில் தேதி எழுதி வைப்பார்கள், ஒரு வசனத்தின் பக்கத்தில் மகனின் பரீட்சை நாள் இருக்கும், இன்னொன்றின் பக்கத்தில் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாள் இருக்கும். எந்தப் பக்கம் அதிகமாகக் கசங்கியிருக்கிறது என்று பார்த்தாலே பாதிப் பேச்சு கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஜெபக் குறிப்பு நோட்டு ஏதாவது கிடைத்தால் அதை அப்படியே மேடையில் வாசிக்காதீர்கள். யாருக்குக் கடன், எந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பிரச்சினை, எல்லாம் அதில் இருக்கும். அவர் கர்த்தரிடம் மட்டும் சொன்னதைச் சபை நடுவே போட்டு உடைப்பது நியாயமில்லை. பெயர் எதுவும் சொல்லாமல், "இத்தனை பேருக்காக ஜெபித்திருக்கிறார், அதில் பலருக்கு அது தெரியவே தெரியாது" என்று சொன்னால் போதும்.

மூன்றாவது மருமகள்:
பெரியப்பா ஆசையை வேறு விதமாக நிறைவேற்றலாம். அந்த அதிகாரத்தில் குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய பகுதி மட்டும் 10 முதல் 31 வரை, 22 வசனம். எபிரெயுவில் ஒவ்வொரு வசனமும் அகரவரிசையில் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டு அது. நீங்கள் வாசித்தால் உங்கள் ஐந்து நிமிடத்தில் பாதி போய்விடும், வேதவாசிப்பாக வேறு ஒருவர் வாசிக்கட்டும்.

அந்தப் பகுதியைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், பெண் என்றால் விடியுமுன் எழுந்து வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அதை எடுப்பார்கள். ஆனால் அந்த அம்மா வயலைப் பார்த்து விசாரித்து வாங்குகிறாள், நெய்ததை வியாபாரியிடம் விற்கிறாள், ஏழைக்குக் கை நீட்டுகிறாள். அவள் கையில் பணமும் இருந்தது, புத்தியும் இருந்தது. உங்கள் பாட்டி குடும்பக் கணக்கு பார்த்தவரா, எந்தச் செலவை வேண்டாம் என்று நிறுத்தினார், யாருக்குத் தெரியாமல் ஃபீஸ் கட்டினார், அதை மருமகள்களிடம் கேளுங்கள். மகன்களுக்குத் தெரியாது.

மோனிக்காவின் ஊழியன்:
கோபத்தைச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். நான் கத்தோலிக்கன், எங்களுக்குப் புனித மோனிக்காவை விடப் பெரிய ஜெபிக்கிற தாய் கிடையாது. 387-இல் ரோமுக்குப் பக்கத்திலுள்ள ஓஸ்தியாவில் தன் 56-ஆவது வயதில் இறந்தார். பிற்காலத்தில் ஆயரான அவருடைய மகன் புனித அகுஸ்தினார் பின்னால் அவரைப் பற்றி எழுதும்போது, சின்ன வயதில் பீப்பாயிலிருந்து திராட்சை ரசம் எடுக்கப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழகியதையும், ஒரு வேலைக்காரப் பெண் குடிகாரி என்று திட்டிய பிறகே நிறுத்தியதையும் ஒளிக்காமல் எழுதினார். தன் அம்மாவைக் குறைசொல்ல எழுதவில்லை, கடவுள் யாரைக் கொண்டு திருத்தினார் என்று காட்ட எழுதினார். நீங்களும் கோபத்தைச் சொன்னால், அது எப்படி முடிந்தது, யார் முதலில் பேசினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

மூத்தபேரன்:
கண்டிப்பாக பைபிளைத் தேடுகிறேன். முதலில் பேசுவது எப்போதும் தாத்தாதான், அது எனக்கே நன்றாகத் தெரியும். ஆனால் தாத்தா இப்போது வாயே திறப்பதில்லை, அழவும் இல்லை. விசுவாசி அழக்கூடாது என்று வருகிறவர்கள் எல்லாம் அவரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சித்தப்பா விஷயத்தில், பாட்டி கடைசி வரை அவருக்காக ஜெபித்தார் என்று சொன்னால் மனம் மாறலாமே என்று அத்தை நினைக்கிறார்.

ஓய்வுபெற்ற போதகர்:
தாத்தாவிடம் அப்படிச் சொல்கிறவர்களை நீங்கள் தடுக்க வேண்டும். 1 தெசலோனிக்கேயர் 4:13 நம்பிக்கை இல்லாதவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறது, துக்கப்படவே கூடாது என்று சொல்லவில்லை. மனைவி சாராள் 127 வயதில் இறந்தபோது ஆபிரகாம் உட்கார்ந்து புலம்பி அழுதார், அதன் பிறகுதான் எழுந்து அடக்கம் செய்ய நிலம் பேசப் போனார். இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு கண்ணீர் விட்டார். தாத்தா பேசாவிட்டால் போகட்டும், முடிந்தால் தனியாக உட்கார்ந்து, பாட்டியை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். சொன்னால் அவர் வார்த்தையிலேயே எழுதி, அவர் அனுமதியோடு வாசியுங்கள்.

அத்தை சொல்வது மட்டும் வேண்டாம், தம்பி. எல்லார் முன்னாலும் அந்த வரியைச் சொன்னால், அம்மா இறந்த துக்கத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் மகனை ஒட்டுமொத்தச் சபையும் திரும்பிப் பார்க்கும். அது சாட்சி இல்லை, தண்டனை. தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் அப்போஸ்தலன் பவுல் அவனுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் ஒரே வசனத்தில் சொல்லி முடிக்கிறார், யாரையும் சுட்டிக்காட்ட அதைப் பயன்படுத்தவில்லை.

மூன்றாவது மருமகள்:
போதகர் ஐயா சொன்னதுதான். சித்தப்பாவுக்கு அவர் அம்மாவோடு இருந்த நல்ல ஞாபகம் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதையும் உங்கள் பேச்சில் சேருங்கள், சபைக்கு வருவது பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். அப்புறம், எழுதியதைச் சத்தமாக வாசித்து நேரம் பாருங்கள். மனதுக்குள் வாசிக்கும்போது ஐந்து நிமிடம் என்று தோன்றுவது, குரல் அடைத்துக்கொண்டால் எட்டாகிவிடும், அதனால் பாதியில் நின்றுவிட்டால் வாங்கி வாசிக்க ஒரு தங்கை கையில் இன்னொரு பிரதி இருக்கட்டும்.