மருத்துவமனை முழுக்க ஒரே பாஸ்வேர்ட்: நியாயமா?

குடமுருட்டி:
பாபநாசம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. டோக்கன் போடுமிடம், லேப், மருந்தகம், வார்டு எல்லாவற்றுக்கும் ஒரே லாகின்தான். பாஸ்வேர்டைத் திரை ஓரத்திலேயே ஒட்டியிருக்கிறார்கள். பில் போடுகிறவர் என் மனநல மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன? ஆளுக்கொரு லாகின், வேலைக்குத் தகுந்த அனுமதி. இதில் பேரமே கூடாது.

வெண்ணாறு:
நான் ஸ்டாஃப் நர்ஸ். நடவு நேரத்தில் ராத்திரி பாம்புக்கடி கேஸ் வரும். முன்பு விஷமுறிவு ஊசிக்கு அலர்ஜி வந்தவரா என்று உடனே தெரிய வேண்டும். அப்போது "உங்களுக்கு அனுமதி இல்லை" என்று திரை சொன்னால்? சொந்தக்காரர்கள் உங்களிடமா சண்டைக்கு வருவார்கள்?

குடமுருட்டி:
அதற்குத்தான் அவசர வழி வைக்கிறார்கள். காரணத்தைத் தட்டிவிட்டுத் திறக்கலாம். யார், எப்போது, எதைத் திறந்தார் என்பது பதிவாகும். ஒரே லாகின் என்றால் அந்தப் பதிவால் பயனில்லை. எல்லாமே 'அட்மின்' பெயரில்தான் கிடக்கும். நாளைக்கு ஏதாவது வெளியே போனால் முதலில் சந்தேகப்படுவது உங்களைத்தான் சிஸ்டர்.

வெண்ணாறு:
பதிவாகும், சரி. அதை யார் படிக்கிறார்கள்? எங்கள் மாதிரிச் சின்ன இடத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் வாரத்துக்கு ஒரு முறை வருவார், அதுவும் பிரிண்டர் ரிப்பேருக்கு.

மன்னைக்காரன்:
இரண்டு பேரும் மருத்துவமனைக்குள்ளேயே நிற்கிறீர்கள். மத்திய அரசின் 14 இலக்க ஆபா (ABHA) எண், அதாவது நோயாளிக்கான சுகாதார அடையாள எண் திட்டத்தில், மருத்துவப் பதிவுகள் அந்தந்த மருத்துவமனையில்தான் இருக்கும். யாருக்கு எதை, எத்தனை நாள் காட்டலாம் என்று நோயாளியே ஒப்புதல் தரலாம், திரும்பவும் பெறலாம். ஏட்டில் அருமை. ஆனால் இங்கே பாதி வீட்டில் அம்மா பெயருக்குக் கொடுத்திருப்பது சிங்கப்பூரில் இருக்கும் மகனின் செல்போன் எண். ஓடிபி அவருக்குத்தான் போகும். அம்மாவின் கர்ப்பப்பை ரிப்போர்ட்டுக்கு ஒப்புதல் தருவது மகனா?

குடமுருட்டி:
நியாயமான கேள்விதான். ஆனால் அதைச் சொல்லி உள்ளே திறந்து போட்டிருப்பதை விட முடியாது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வரே ரான்சம்வேரில் (தகவல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) முடங்கி, பல நாள் கையால் எழுதித்தான் வேலை நடந்தது.

வெண்ணாறு:
எய்ம்ஸுக்கு நடந்ததற்கும் எங்கள் வார்டு லாகினுக்கும் என்ன சம்பந்தம்? அடையாள அட்டையைத் தட்டினால் திறக்கிற மாதிரி வையுங்கள், நாளைக்கே தனி லாகினுக்கு வருகிறேன். பன்னிரண்டு எழுத்துப் பாஸ்வேர்டை க்ளவுஸ் போட்ட கையால் அடிக்கச் சொல்லாதீர்கள்.

குடமுருட்டி:
அட்டைக்கு ஆகும் செலவை உங்கள் நிர்வாகத்திடம் யார் கேட்பது?

வெண்ணாறு:
நீங்கள் கேளுங்கள். நோயாளி கேட்டால்தான் அவர்கள் காதில் விழும்.